இரண்டு முறை பிறந்த ஆவணி

என் நாட்குறிப்புக் கொப்பியில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் மூன்று விஷயங்கள் இருக்கும்: ஆங்கிலத் திகதி, தமிழ்த் திகதி, கிழமை. கொழும்பு வெள்ளவத்தையில், பத்திரங்களை உறுதிப்படுத்தும் நொத்தாரிசு ஒருவரிடம் நீண்ட காலம் எழுதுவினைஞனாக இருந்தவன் நான். காணி உறுதிப் பத்திரத்தில் திகதி பிழைத்தால் காணியே கைவிட்டுப் போகக்கூடிய தொழில். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. சமையலறைக் குழாய் திருத்தியது, மூக்குக்கண்ணாடி மாற்றியது, கடலோரப் பக்கம் மின்சாரம் போனது எல்லாம் திகதியோடு இருக்கின்றன. போன ஆடி மாதத்துப் பக்கம் ஒன்றில் எழுதிய ஒரு குறிப்புக்கு மட்டும் ஆங்கிலத் திகதி எழுதவேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. அந்த வெறுமையால் ஒரு சிறுமியின் பள்ளிக்கூட இடம் போகப் பார்த்தது.

கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒருவர் அதே ஆண்டு வைகாசியில் என்னைத் தேடி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கொழும்பில் எழும்புகிற உயர்ந்த கட்டடங்களுக்கு லிப்ட் பொருத்திப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை. கொட்டாஞ்சேனையில் நிறுவனம் எடுத்துக் கொடுத்த அறையில் வேறு நான்கு பேருடன் இருந்தார். மனைவியையும் ஆறு வயது மகளையும் அழைத்துக்கொள்ள வீடு வேண்டும். வெள்ளவத்தையில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் மகளுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். குடியிருக்கும் வீட்டு ஒப்பந்தத்தின் பிரதியைக் குறித்த வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த பிள்ளைக்கு இடம் போய்விடும்.

புதிதாக வருகிறவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பது ஓய்வுக்குப் பிறகு எனக்குத் தானாக வந்து ஒட்டிக்கொண்ட வேலை. தரகு வாங்குவதில்லை. தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து, பெற்றோரின் நாட்டுக்கு முதன்முறையாக வந்த ஒரு தம்பதிக்கு மட்டக்குளியில் இரண்டு அறை பார்த்துக் கொடுத்ததில் தொடங்கியது. இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் கேட்காமலே அறிந்திருக்கும் விஷயங்கள் வந்தவர்களுக்குத் தெரிவதில்லை. கடலைப் பார்த்த அறையில் மின்விசிறி இரண்டு வருடத்தில் துருப்பிடிக்கும். ரயில் போகும்போது தொலைபேசியில் கதைக்க ஏலாது. வீட்டுக்காரர் கனடாவில் இருப்பார், சாவி மச்சானிடம் இருக்கும், சம்மதம் சொல்லவேண்டியவர் மச்சானின் மனைவியாக இருப்பார்.

லிப்ட்காரத் தம்பிக்கு நாங்கள் பார்த்த முதல் ஆறு வீடுகளும் சரிவரவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒருவர், கடவுச்சீட்டை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, அடையாள அட்டை உள்ள ஆட்களுக்குத்தான் கொடுப்பேன் என்று கையில் திருப்பித் தந்தார். இன்னொரு இடத்தில், "இப்ப நான் மட்டுந்தானுங்க" என்று இவர் வாய் திறந்ததுமே கதவு பாதி மூடியது. தனி ஆண்களுக்கு வெள்ளவத்தையில் யாரும் வீடு கொடுப்பதில்லை. மூன்றாவது வீட்டில் எல்லாம் பொருந்திவந்தது. வீட்டுக்காரர் திருநீறு பூசியவர். "மச்சம் மாமிசம் ஏதும்?" என்று கேட்டார். "ஞாயித்துக்கெழமை கோழி எடுப்போமுங்க" என்றார் இவர்.

பஸ்ஸில் வரும்போது, "தம்பி, கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லும்" என்றேன்.

"கேட்டதுக்குத்தானுங்கண்ணா சொன்னேன்."

"அதைக் கொஞ்சம் சுத்தி வளைச்சுச் சொல்லியிருக்கலாம்."

"பொய் சொல்லி வீடு புடிச்சுட்டு, ஆட்டுக்கால் வாங்கிட்டுப் போறப்பப் படிக்கட்டுல மாட்டுனா என்னங்கண்ணா பண்றது? லிப்ட் வேற இருக்காது."

முன் சீட்டில் இருந்த பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

ஏழாவது வீடு, காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நான்கு மாடிக் கட்டடத்தில் இருந்தது. வீட்டுக்கார அம்மா இரண்டாம் மாடியில் தனியாக வசிக்கிறார். அவருக்கு மேலே உள்ள வீட்டைத்தான் வாடகைக்கு விடுகிறார். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர், வங்கியில் வேலை பார்த்தவர். முன்பு எங்கள் அலுவலகத்துக்கு வந்து போனதால் எனக்குப் பழக்கம். நான் அக்கா என்பேன். வாசலில் காவலாளி சிங்களத்தில், "லிப்ட் எக கெடிலா மஹத்தயா" என்றார். லிப்ட் பழுதாம். படியேறினோம்.

அக்கா இவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன வேலை?"

"லிப்ட் இன்ஜினியருங்கம்மா."

"அப்ப ஏன் படியிலை ஏறி வந்தனீர்?"

"உங்க லிப்டு வேற கம்பெனிதுங்கம்மா. நான் தொடக்கூடாது."

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். வீடு கிடைத்துவிட்டது என்று அந்தச் சிரிப்பில் எனக்குத் தெரிந்தது. அக்கா கேட்காமலே இவர் கோழியைப் பற்றிச் சொன்னார். "நான் மீன் தின்னுறனான் தம்பி, நீர் கோழி தின்னும்" என்றார் அக்கா.

இரண்டு நிபந்தனைகள் மட்டும் போட்டார். ஒன்று, ஆடி மாதத்தில் வீட்டுக்கு ஆட்களை ஏற்றமாட்டார். மற்றது, வீட்டுப் பெண் வந்து தன் கையால் பால் காய்ச்சவேண்டும், பால் பொங்கின பிறகுதான் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பார். ஆடியைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"எண்பத்துமூண்டிலை ஆடி பிறந்து மூண்டாம் நாள் இந்த ஒழுங்கைக்குக் குடி வந்தனாங்கள். கலவரம் வந்து, அந்த மாசம் முடியேக்கை வீடும் இல்லை, வீட்டிலை இருந்த ஒரு சாமானும் இல்லை. கப்பலிலை யாழ்ப்பாணம் போனனாங்கள். ஆக்கள் செய்ததுக்கு மாசம் என்ன செய்யும் எண்டு நீர் கேப்பீர். எனக்கும் தெரியும். ஆனா ஆடியிலை இந்தக் கையாலை ஒருத்தருக்கும் சாவி குடுக்கமாட்டன்."

தம்பிக்கு முழுதும் விளங்கியிருக்காது. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"ஆவணி முதலாம் திகதி வாங்கோ" என்றார் அக்கா. "நல்ல நாள்."

பஸ் தரிப்பிடத்தில் தம்பி கைப்பேசியில் எதையோ தட்டிப் பார்த்தார். மனைவியோடு கதைத்தார். பிறகு, "டிக்கெட் போட்டுர்றேனுங்கண்ணா, ஆவணி ஒண்ணு காலைல வந்து எறங்கிருவாங்க" என்றார். நான் பஸ்ஸுக்குள் நின்றபடி கொப்பியில் "ஆவணி ஒன்று, பால் காய்ச்சல்" என்று எழுதினேன். ஆங்கிலத் திகதியை வீட்டுக்குப் போய்ச் சுவர்க் கலண்டரைப் பார்த்து எழுதலாம் என்று இடம் விட்டேன். வீட்டுக்குப் போனதும் தேத்தண்ணி குடித்தேன், பத்திரிகை வாசித்தேன். இடம் விட்டது விட்டதாகவே இருந்தது.

தமிழ்ப் பஞ்சாங்கங்கள் இரண்டு வகை என்பது எனக்குத் தெரியாததல்ல. வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு கணக்கு. சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குப் போகும் நேரத்தை இரண்டும் சில மணி நேரம் வித்தியாசமாகக் கணிக்கும். சூரியன் மறையுமுன் மாதம் பிறந்தால் அன்றே முதலாம் திகதி, மறைந்த பிறகு பிறந்தால் அடுத்த நாள். ஆகவே எப்போதாவது ஒரு மாதம் இரண்டு பஞ்சாங்கத்திலும் வெவ்வேறு நாளில் தொடங்கும். இதையெல்லாம் தடித்த புத்தகங்களில் வாசித்து, நண்பர்களுக்கு விளக்கியும் இருக்கிறேன். தம்பியின் கைப்பேசியில் இருந்தது திருக்கணிதம். அக்காவின் சமையலறைச் சுவரில் தொங்கியது, எங்கள் வீட்டில் உள்ளதைப்போலவே, வாக்கியம். கைப்பேசியில் ஆவணி ஒன்று வியாழக்கிழமை. சுவரில் வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் குறித்திருந்த அதே வெள்ளிக்கிழமை.

கலண்டரைப் பார்க்காமல், தம்பி வரச்சொன்னபடி வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, தட்டச்சு செய்த ஒப்பந்தத்தோடு நானும் என் மனைவியும் போனபோது, கட்டடத்தின் வாசலில் வான் வண்டி நின்றது. நான்கு பெரிய பெட்டிகளும் இறங்கியிருந்தன. தம்பியின் மனைவி ஒல்லியான பெண், கண்களில் தூக்கமில்லை. தோளில் குழந்தை சாய்ந்திருந்தாள். லிப்ட் இன்னும் பழுதாகவே இருந்ததால், எல்லாரும் பெட்டிகளைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போனோம். அக்கா கதவைத் திறந்து எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"என்ன, இண்டைக்கு வந்திருக்கிறியள்?"

"ஆவணி ஒண்ணுங்களேம்மா" என்றார் தம்பி.

"ஆரப்பன் சொன்னது? இண்டைக்கு ஆடி கடைசி!"

சமையலறைக்குப் போய்க் கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து காட்டினார். தம்பி கைப்பேசியைக் காட்டினார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தபோதுதான், கொப்பியில் விட்ட வெற்றிடம் எனக்கு நினைவுக்கு வந்தது.

என் மனைவி என் பக்கம் திரும்பினா. "குழாய் திருத்தின திகதி கேட்டால் சொல்லுவியள்."

"சரி, இப்ப விடும்" என்றேன்.

நாளைக்குக் காய்ச்சினால் என்ன என்று நான் கேட்டேன். அதுதான் நேரான வழியாகப் பட்டது. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பால் காய்ச்சினால், ஒன்பதுக்குக் கையெழுத்து, பத்துக்குப் பள்ளிக்கூடம். தம்பியின் மனைவி இல்லை என்று தலையை ஆட்டினார்.

"நாளைக்கு முடியாதுங்க. எங்களுக்கு நாளைக்கு ஆவணி ரெண்டு. கரிநாளுங்க."

ஒவ்வொரு தமிழ் மாதத்திலும் சில திகதிகள் கரிநாள். நல்ல காரியம் தொடங்கமாட்டார்கள். ஆவணியில் இரண்டாம் திகதி அதில் ஒன்று.

"போன வீட்டுக்குக் கரிநாள்லதான் குடி போனோம்" என்றார் அந்தப் பெண். "எங்கம்மா வேண்டாம்னு சொன்னாங்க. நான் சிரிச்சேன். ரெண்டு வாரத்துல இவரு லிப்ட் குழிக்குள்ள விழுந்து கால ஒடைச்சுக்கிட்டாரு. ஏழு மாசம் படுக்கை. நாளுனால விழலீங்க, கட்டை வழுக்கித்தான் விழுந்தாரு. ஆனா இன்னொருக்கா சிரிக்க மாட்டேனுங்க."

சனிக்கிழமை என்றால் அக்காவின் பஞ்சாங்கத்தில் ஆவணி இரண்டு, அவருக்குக் கரிநாள். அதற்குள் பள்ளிக்கூட இடமும் போயிருக்கும். நான் பால்கனிக்குப் போய்ப் பள்ளிக்கூட அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். திங்கட்கிழமை வரை தவணை கேட்டேன். அங்கே இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். "அங்கிள், ஒருத்தருக்குச் செய்தா எல்லாருக்கும் செய்யவேணும். நாளைக்குப் பன்னிரண்டு மணி. அதுக்குப் பிறகு அடுத்த பிள்ளையின்ர அப்பாவுக்குக் கோல் எடுப்பம்." உள்ளே திரும்பி வந்து அதைச் சொன்னேன். தம்பி பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். ஒரு வேலையை விட்டுவிட்டு, மகளை அவள் சிநேகிதிகளிடமிருந்து பிரித்துக் கூட்டிவந்த அந்தப் பெண், நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அக்காதான் முதலில் அசைந்தார். "சரி, ஏன் எல்லாரும் நிக்கிறியள்? கையைக் கழுவுங்கோ. சோறு இருக்கு."

"உங்களுக்கு எதுக்குங்கம்மா சிரமம்?"

"ஆடியிலை சாப்பிடலாம் பிள்ளை. குடி போகத்தான் ஏலாது."

சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் இருந்தன. மீன் குழம்பை அந்தக் குழந்தைதான் முதலில் கேட்டு வாங்கினாள். இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு, "அம்மா, இங்க தேங்கா நெறைய போடறாங்க" என்றாள். அக்கா அவள் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தார். பிறகு குழந்தை சோபா செட்டியில் தூங்கிப்போனாள். தம்பி கீழே போய்க் காவலாளியோடு லிப்ட் வாசலில் நின்று, தொடாமல், அதன் சத்தத்தைக் காதால் மட்டும் கேட்டாராம்.

கோப்பைகளைக் கழுவிவிட்டு வந்த தம்பியின் மனைவி, சாப்பாட்டு மேசையில் கிடந்த கலண்டரைப் பார்த்தபடி அக்காவிடம் கேட்டார்.

"ஏனுங்கம்மா, உங்க பஞ்சாங்கத்துல மாசம் எத்தன மணிக்குப் பொறக்குதுன்னு போட்டிருக்காங்களா?"

கலண்டரில் அது இல்லை. அக்கா சாமியறைக்குப் போய், மஞ்சள் மட்டை போட்ட பஞ்சாங்கப் புத்தகத்தை எடுத்து வந்தார். மூக்குக்கண்ணாடியை என்னிடம் வாங்கிப் போட்டுக்கொண்டு தேடினார்.

"இண்டைக்குப் பின்னேரம் ஆறு ஐம்பத்திரண்டு. பொழுது பட்ட பிறகு பிறக்கிறபடியாலைதான் நாளைக்கு ஒண்டு."

"அப்போ ஏழு மணிக்கு உங்களுக்கு ஆடி முடிஞ்சிருக்குமுங்களா?"

"ஓம், முடிஞ்சிடும்."

"எனக்கு நாளைக்கு வெடியற வரைக்கும் ஒண்ணாந் தேதிதானுங்க. கரிநாள் நாளைக்குத்தான் வருது."

அக்கா கண்ணாடிக்கு மேலால் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, நீர் நொத்தாரிசின்ரை கந்தோரிலை எத்தினை வருசம் இருந்தனீர்?"

"முப்பத்தொரு வருசம் அக்கா."

"இந்தப் பிள்ளையை வைச்சிருந்தா நாலு வருசத்திலை எல்லாம் முடிஞ்சிருக்கும்."

என் மனைவி இதற்குச் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் அப்போது எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. காலையிலிருந்து நெஞ்சில் இருந்த கல் ஒன்று இறங்கியதுபோல இருந்தது. அக்கா பஞ்சாங்கத்தை மூடி, "விளக்கு வைக்கிற நேரம். நல்லதுதான்" என்றார்.

அதன் பிறகு ஓட்டம். நான் அடுத்த ஒழுங்கையில் இருக்கும் என் பழைய நொத்தாரிசின் வீட்டுக்குப் போனேன். சாரம் உடுத்துக்கொண்டு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்துக்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். நாளைக்கு வைக்கலாமே என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, முத்திரையையும் பேனையையும் தேடத் தொடங்கினார். என் மனைவி பால் வாங்கப் போனா. மேல் வீட்டில் காஸ் சிலிண்டர் இன்னும் பூட்டவில்லை என்பதால் அக்காவின் மின்சார அடுப்பைத் தூக்கிவரவேண்டும் என்று தீர்மானித்தோம். தம்பியின் மனைவி பெட்டியைத் திறந்து, மகளின் சட்டைகளுக்கு நடுவில் சுற்றி வைத்திருந்த சின்ன வெண்கலப் பானை ஒன்றை எடுத்தார். கோயம்புத்தூரிலிருந்து அது விமானத்தில் வந்திருக்கிறது.

ஆறரைக்கே எல்லாரும் மூன்றாம் மாடிக் கதவுக்கு வெளியே படியில் நின்றோம். பின்னால் கடற்கரை ரயில் ஒன்று போனது. அக்கா கையில் சாவி. வானொலி நேரத்துக்கு வைத்த கைக்கடிகாரத்தை என் மனைவி பிடித்துக்கொண்டு நின்றா. ஆறு ஐம்பத்திரண்டு ஆனதும், "இப்ப பிறந்திட்டுது" என்றா. அக்கா அசையவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் பொறுப்போம் என்றார். அவர் விரல்கள் சாவியை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். நாற்பது வருடத்துக்கு மேலாக அவர் எந்த ஆடிக்கும் இவ்வளவு கிட்டத்தில் யாருக்கும் கதவு திறந்ததில்லை. ஏழுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் சாவியை அந்தப் பெண்ணின் கையில் வைத்தார்.

"வலது காலை வை பிள்ளை."

பால் பொங்க நேரம் எடுத்தது. மின்சார அடுப்பு மெதுவாகத்தான் சூடாகும். நொத்தாரிசு இரண்டு தரம் எட்டிப் பார்த்தார். தூங்கி எழுந்த குழந்தை பானையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பொங்குது! பொங்குது!" என்று அவள் கத்தியபோது பால் விளிம்பைத் தாண்டி வழிந்து, அடுப்புத் தட்டில் பட்டுச் சீறியது. அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தம்பி மனைவியின் முதுகில் கையை வைத்தார்.

ஜன்னல் கட்டில் தாளை வைத்து எல்லாரும் கையெழுத்து வைத்தோம். சாட்சிகள் நானும் என் மனைவியும். நொத்தாரிசு பேனையை உயர்த்தி, "திகதி என்ன போட?" என்று கேட்டார். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆங்கிலத் திகதியைக் கேக்கிறன். அது ஒண்டுதானே இருக்கு?"

அதற்குப் பிறகு அந்த வெற்று வீட்டில் எழுந்த சிரிப்பு, கீழே காவலாளிக்கே கேட்டிருக்கும்.

போகப் புறப்படும்போது புதுச் சிக்கல் ஒன்று தலைகாட்டியது. ஒப்பந்தத்தின் பிரதியை நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கவேண்டும். நாளை அவர்களுக்குக் கரிநாள். தம்பி மனைவியைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தார்.

"நீங்க கொண்டு போய்க் குடுத்துர்றீங்களாண்ணா? உங்களுக்கு நாளைக்குத்தானே ஒண்ணாந் தேதி?"

வெள்ளிக்கிழமை, அதாவது எங்கள் ஆவணி ஒன்று, காலை ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் நின்றேன். தொலைபேசியில் கதைத்த பெண்தான் இருந்தார். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, முத்திரையைப் பார்த்து, ஒரு அட்டையில் சிறுமியின் பெயரை எழுதி, ரசீது போலத் துண்டொன்றைக் கிழித்துத் தந்தார்.

"நீங்க தாத்தாவா?"

"இல்லை. சாட்சி" என்றேன்.

வெளியே வந்து, வாகை மர நிழலில் நின்று தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். எடுத்தது அவர் மனைவி. இடம் உறுதியாகிவிட்டது என்று சொன்னேன். மகளைக் கூப்பிட்டு அதைச் சொல்வது கேட்டது. பிறகு, "திங்கக்கெழமை நானே கூட்டிட்டுப் போறேனுங்கண்ணா. ரெண்டு பஞ்சாங்கமும் பாத்துட்டேன், நல்ல நாளுதான்" என்றார்.

வீட்டுக்கு வந்து கொப்பியை எடுத்தேன். வியாழக்கிழமைப் பக்கத்தின் தலையில் ஆங்கிலத் திகதி, கிழமை, அதற்குக் கீழே தமிழ்த் திகதி இரண்டையும் எழுதினேன்: ஆடி கடைசி, ஆவணி ஒன்று. பஸ்ஸில் விட்ட வெற்றிடத்தை நிரப்பவில்லை. நான் அதை அடிக்கடி பார்க்கவேண்டும் என்று சொல்லி, என் மனைவி அடையாளத்துக்கு அந்தப் பக்கத்தின் ஓரத்தை மடித்து வைத்திருக்கிறா.